மாரிஸ் மைனருக்குப் பாகம் தேடி: கெய்டன் முதல் பியூலி வரை

முதல் நாள்: கெய்டன்

என்னிடம் இருப்பது 1958 ஆம் ஆண்டு உருவான மாரிஸ் மைனர் 1000 என்ற சிறிய பிரிட்டிஷ் கார். ஓடாத நிலையில் வாங்கி, ஐந்து ஆண்டுகளாக ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பிரித்து, சுத்தம் செய்து, பெயர் எழுதி, பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறேன். மீண்டும் பூட்டும் கட்டம் வந்தபோது தேவைப்படும் பாகங்களை எழுதினேன். பட்டியல் இருபத்தாறில் வந்து நின்றது. இங்கிலாந்தின் தென்கோடியில் பியூலி என்ற சிற்றூரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய வாகன உதிரிபாகங்களுக்கான பெருஞ்சந்தை கூடுகிறது. அந்தச் சந்தையை இறுதி நிறுத்தமாக வைத்து ஆறு நாள் பயணமாக வந்திருக்கிறேன். ஒவ்வொரு நாளின் தேடலையும் அன்றிரவே எழுதிவிடுவதாக எண்ணம்.

சந்தைக்கு நேராகச் செல்லாமல் வார்விக்ஷயரில் உள்ள கெய்டனுக்கு முதலில் வந்ததற்குக் காரணம் உண்டு. இங்குள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் மாரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. முதலிய பல நிறுவனங்களின் தொழிற்சாலைப் பதிவேடுகளைக் காத்து வருகிறது. காரின் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தால், அந்தக் குறிப்பிட்ட கார் எந்த நாளில் கட்டி முடிக்கப்பட்டது, எந்த வண்ணத்தில் வெளியே சென்றது, எந்த எண் கொண்ட இன்ஜின் அதில் இருந்தது என்பவற்றைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழாக எழுதித் தருகிறார்கள். நான் முன்பே விண்ணப்பித்துப் பெற்றிருந்த அந்தத் தாளை இன்று காலை அருங்காட்சியகத்தின் மேசையில் விரித்து, என் காரின் புகைப்படங்களோடு வரிவரியாக ஒப்பிட்டேன்.

சான்றிதழில் உள்ள இன்ஜின் எண் 9எம் என்று தொடங்குகிறது. அது 948 சி.சி. இன்ஜினின் அடையாளம். என் காரின் இன்ஜின் தகட்டிலோ 10எம்.ஏ. என்று இருக்கிறது, அது 1962 இல்தான் மைனருக்கு வந்த 1098 சி.சி. இன்ஜின். யாரோ ஒருவர் பழைய இன்ஜினை எடுத்துவிட்டுப் பிற்கால இன்ஜினை இறக்கியிருக்கிறார். அதை அறிந்ததும் முன்சக்கரப் பிரேக் டிரம்மின் அளவைக் குறிப்பேட்டில் தேடினேன், எட்டு அங்குலம். 1958 இல் அது ஏழு அங்குலமாக இருந்திருக்க வேண்டும். ஆகவே இன்ஜினோடு முன்பிரேக்கையும் சேர்த்தே மாற்றியிருக்கிறார்கள். கூடுதல் வேகத்துக்கு ஏற்ற பிரேக் வேண்டும் என்று எண்ணிச் செய்த அந்த மனிதரை மதிக்கிறேன்.

ஆனால் என் பட்டியல் அங்கேயே உடைந்துவிட்டது. '1958 மாரிஸ் மைனருக்கு' என்று கேட்டு வாங்கியிருந்தால் பிரேக் ஷூவும் கார்புரேட்டர் பாகங்களும் கிளட்ச்சும் பொருந்தாமல் போயிருக்கும். உடலுக்கும் மின்சாதனங்களுக்கும் 1958. இன்ஜினுக்கும் முன்பிரேக்குக்கும் 1962. பிற்பகலில் உட்கார்ந்து பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதினேன். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டை நம்பிப் பாகம் கேட்காதீர்கள், வார்ப்பில் உள்ள எண்ணையும் கையில் உள்ள அளவையும் வைத்துக் கேளுங்கள்.

மாலையில் அருங்காட்சியகத்துக் கார்களைச் சுற்றிப் பார்த்தேன். காரின் அழகைப் பார்க்கும் கண்ணை ஒதுக்கிவிட்டு, கதவுக் கீலின் திருகு எந்தத் தலை கொண்டது, ரப்பர்க் குழாயைப் பிடிக்கும் கவ்வி கம்பியா பட்டையா என்று குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள்: கவ்லி, விட்னி

ஆக்ஸ்ஃபர்டை அடுத்த கவ்லியில் சிறிது நேரம் நின்றேன். வில்லியம் மாரிஸ் 1913 இல் தன் முதல் காரைக் கட்டிய பகுதி இது. மைனர் இங்கேதான் பிறந்தது. நம் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபர்டும் இந்த ஊரின் பிள்ளைதான். இப்போது இதே ஊரில் மினி கார்கள் உருவாகின்றன. வெளியிலிருந்து பார்க்க மதிலும் வாயிலும் மட்டுமே என்பதால் நெடுநேரம் நிற்கவில்லை.

விட்னியில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் தொழிற்சாலை என் மனத்தில் நீண்ட நாளாக இருந்த இடம். பழைய நிறுவனங்களின் உற்பத்தி நின்றபின் தகடு அழுத்தும் அச்சுகள் இரும்புக் கழிவாகப் போய்விடாமல் தேடிச் சேர்த்து, அதே அச்சுகளைக் கொண்டு மீண்டும் தகடு அழுத்துகிறார்கள். 1980 இல் உற்பத்தி முடிந்த எம்.ஜி.பி. காரின் முழு உடற்கூடு, 1988 இல் இப்படிப் புதிதாக வெளிவந்தது. துருப்பிடித்த காரின் இன்ஜின், சக்கர அச்சு, இருக்கைகளை எல்லாம் எடுத்துப் புதிய கூட்டில் பொருத்தலாம் என்ற நிலை அன்றுதான் உண்டாயிற்று.

மூல அச்சில் அழுத்திய தகட்டுக்கும், ஒரு பழைய தகட்டைப் பார்த்து நகலெடுத்த தகட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே விரிவாக எழுத வேண்டும், ஏனெனில் பணம் அதிகமாக வீணாகும் இடம் அதுவே. நகலெடுப்பவரின் கையில் இருக்கும் மாதிரி, பல ஆண்டு ஓடி, ஒருவேளை மோதி நிமிர்த்தப்பட்ட தகடு. அதிலுள்ள இரண்டு மில்லிமீட்டர் பிழை நகலில் நிரந்தரமாகிவிடும். அந்த நகலை இன்னொருவர் நகலெடுத்தால் பிழை வளரும். விற்பனைக்கு வைத்திருக்கும்போது கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு மட்கார்டுகளும் ஒன்றுபோலவே தோன்றும். கதவுக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள சந்து மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இறங்குகிறதா என்பதைக் காரில் மாட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எனவே தகடு வாங்குவோர், வண்ணம் பூசுவதற்கு முன், பற்றவைப்பதற்கும் முன், எல்லாத் தகடுகளையும் கவ்விகளால் பிடித்துக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். வண்ணம் பூசிய தகட்டை எந்த விற்பனையாளரும் திரும்பப் பெறமாட்டார்.

மைனரின் பானெட்டில் இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. மைனரை வடிவமைத்த அலெக் இஸ்ஸிகோனிஸ் முதலில் வரைந்த கார் இப்போதைய காரைவிடக் குறுகலானது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அகலம் போதவில்லை என்று தோன்ற, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் செய்து, பாதிகளை நகர்த்தி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். அந்த நான்கு அங்குலத்தின் தழும்புதான் பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான மேட்டுப் பட்டை. நல்ல தகட்டில் அந்தப் பட்டையின் இரு விளிம்புகளும் நூல் பிடித்தாற்போல் ஓடும். நகலில் விளிம்பு மழுங்கியிருக்கும். வெளிச்சத்தைச் சாய்வாகக் காட்டினால் அலை தெரியும்.

மூன்றாம் நாள்: சாலிஸ்பரி

வானுயர்ந்த கோபுரம் கொண்ட பேராலயத்துக்காக இந்த ஊருக்கு வருவோர் பலர். எனக்கு இது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் எஸ்.யூ. கார்புரேட்டரின் ஊர். மைனர் மட்டுமல்ல, பிரிட்டிஷ் கார்களில் கணிசமானவை பல பத்தாண்டுகள் சுவாசித்தது எஸ்.யூ. கார்புரேட்டர் வழியாகத்தான். அதே பெயரில், அதே வரைபடங்களின்படி இன்றும் இங்கே புதிதாகத் தயாரிக்கிறார்கள். அறுபது ஆண்டுப் பழைய கார்புரேட்டருக்கு ஊசி, ஜெட் (பெட்ரோல் வெளிவரும் நுண்குழாய்), கேஸ்கெட் எல்லாம் புதிதாகக் கிடைக்கும் என்பது பழைய கார் உலகில் பெரிய பேறு.

நேற்று முன்தினம் பட்டியலைத் திருத்தியதன் பயன் இன்று கிடைத்தது. 948 சி.சி. இன்ஜின் என்று எண்ணி எச்.2 வகைக்கான பழுதுநீக்கும் தொகுப்பை வாங்க இருந்தேன். என் இன்ஜினில் இருப்பது எச்.எஸ்.2. இரண்டும் தூரத்தில் அண்ணன் தம்பி போல இருக்கும். எச். வகையில் ஜெட்டைச் சுற்றிப் பெட்ரோல் கசியாமல் தடுக்கும் தக்கை வளையங்கள் உண்டு, எச்.எஸ். வகையில் அவை இல்லை, மிதவை அறையிலிருந்து ஜெட்டின் அடிக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் நேராகச் செல்கிறது. ஒன்றின் தொகுப்பு மற்றதற்கு உதவாது. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் ஏ.யூ.சி. அல்லது ஏ.யூ.டி. என்று தொடங்கும் எண் பொறித்த சிறு அலுமினியத் தகடு ஒன்றை மூடியின் திருகில் மாட்டி அனுப்பினார்கள். பிரிக்கும்போது தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் அந்தத் தகடுதான். உங்கள் காரில் அது இன்னும் இருந்தால் தயவுசெய்து காப்பாற்றுங்கள்.

பாகம் மாற்றுவோர் பெரும்பாலும் ஊசியையும் ஜெட்டையும் மாற்றிவிட்டு, கார் நிற்கும்போது இன்ஜின் சீராக ஓடவில்லை என்று வருந்துகிறார்கள். உண்மையான தேய்மானம், காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தண்டிலும் அது சுழலும் துளையிலும் இருக்கிறது. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியும். அந்த இடைவெளி வழியாக அளவில்லாத காற்று உள்ளே போய்க் கலவையை நீர்த்துவிடும். புதிய தண்டு மட்டும் போட்டால் பாதி குணமே. துளையைக் கடைந்து புதிய புஷ் என்னும் உள்வளையம் இறக்க வேண்டும். என்னுடையதில் துளை நீள்வட்டமாகவே மாறியிருந்தது. பழையதைச் சரிசெய்யும் செலவையும் புதியதன் விலையையும் ஒப்பிட்டு, மனம் சற்றுக் கனத்தாலும், புதிய கார்புரேட்டரையே வாங்கினேன். பழைய உடல் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

ரப்பர் குழாய்களைப் பற்றியும் எழுத வேண்டும். 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் வழக்கமான பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய காலத்து ரப்பர் எத்தனாலைத் தாங்காது. உள்பக்கம் இளகி உதிர்ந்து ஜெட்டை அடைக்கும், வெளிப்பக்கம் வெடித்துப் பெட்ரோலைக் கசியவிடும். இன்ஜின் சூட்டுக்கு மேல் கசியும் பெட்ரோல் என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பெட்ரோல் குழாய், பம்ப்பின் சவ்வு, மிதவை அறையின் வால்வு ஆகிய மூன்றும் எத்தனாலுக்கு ஏற்றவை என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டிருக்கும் புதிய பொருட்களாக மட்டும் இருக்கட்டும்.

நான்காம் நாள்: பியூலி

நியூ ஃபாரஸ்ட் காட்டின் ஊடாகச் செல்லும் சாலையில் குதிரைகளும் கழுதைகளும் தம் விருப்பம்போல் குறுக்கே நிற்கின்றன. அவை நகரும்வரை காத்திருப்பதே இங்குள்ள முறை. பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் எழுதிப் பியூலி என்று உச்சரிக்கப்படும் இந்த ஊரில், மாண்டேகு பிரபு தன் தந்தையின் நினைவாக 1952 இல் சில கார்களைத் தன் மாளிகையில் காட்சிக்கு வைத்தார். இன்றைய தேசிய மோட்டார் அருங்காட்சியகம் அதிலிருந்து வளர்ந்தது. 1967 இல் இங்கே முதல் உதிரிபாகச் சந்தை கூடியது. இப்போது வயல் முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விரிப்புகளும் கூடாரங்களும்.

என் தோள்பையில் இருந்தவை: வெர்னியர் அளவுகோல், மரை அளக்கும் தகடுகள், துணியில் சுற்றிய காந்தம், கைவிளக்கு, சிறிய பன்னிரண்டு வோல்ட் மின்கலம், திருத்திய பட்டியல். விடிந்தும் விடியாத பொழுதில் பனி நனைத்த புல்லில் நடக்கத் தொடங்கினேன்.

'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்ற சொல்லுக்கு இந்த வயலில் தனி மதிப்பு உண்டு. நிறுவனமே தயாரித்து, விற்காமல் தங்கிப்போன அசல் பொருள் என்று அதற்குப் பொருள். எனக்கும் முன்பு அந்தச் சொல்லைக் கேட்டதும் கை தானாகப் பைக்குப் போகும். ஐந்து ஆண்டு வேலையில் கற்றது, அந்தச் சொல்லைக் கேட்டவுடன் 'என்ன பொருளால் ஆனது?' என்று கேட்க வேண்டும் என்பதுதான். எஃகுக்கு அறுபது ஆண்டு ஒன்றும் செய்யாது, எண்ணெய்த் தாளில் சுற்றியிருந்தால். ரப்பருக்கு அறுபது ஆண்டு என்பது பல பிறவி.

முதல் மணி நேரத்திலேயே இரண்டுக்கும் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஒரு முதியவரின் விரிப்பில் வாண்டர்வெல் நிறுவனத்தின் பேரிங் ஷெல்கள் (சுழலும் தண்டைத் தாங்கும் அரைவட்டத் தகடுகள்), மெழுகுத் தாளும் பெட்டியும் கலையாமல் இருந்தன. என் இன்ஜினின் கிராங்க் தண்டில் பிஸ்டன் கம்பிகளின் பெரிய முனை பற்றும் பகுதிகளை, அதாவது ஜர்னல்களை, பட்டறையில் 0.020 அங்குலம் கடைந்திருந்தோம். மூல அளவு சுமார் 1.6256 அங்குலம், இப்போது 1.6056. ஷெல்லின் முதுகில் 020 என்ற முத்திரை தெளிவாக இருந்தது. பெட்டியின் மேல் உள்ள எண்ணை மட்டும் பார்க்காமல் எட்டு அரைவட்டங்களையும் திருப்பி முதுகைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் கீறலோ கருமையோ இல்லை. பேரம் பேசாமல் வாங்கினேன்.

அடுத்த விரிப்பில் பிரேக் சக்கர சிலிண்டர்கள், அதே அளவு அழகான பெட்டிகளில். விற்பவரிடம் அனுமதி கேட்டு ஒன்றைத் திறந்து தூசிமறைப்பு ரப்பரை விரலால் மடக்கினேன். விளிம்பில் மயிரிழை வெடிப்புகள் விரிந்தன. உள்ளே உள்ள சீலும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) அதே வயதுடையது. சீலை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடிபோல் இருந்தால். விளக்கை உள்ளே அடித்தபோது ஊசிமுனைக் குழிகள் தெரிந்தன. பல பத்தாண்டுகள் ஈரமான கிடங்கில் கிடந்த வார்ப்பிரும்பு அது. மைனரின் பிரேக் மாஸ்டர் சிலிண்டரோ ஓட்டுநரின் காலடியில், தரைக்கு அடியில் உள்ள சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது; கசியத் தொடங்கினால் எளிதில் கண்ணில் படாது. பிரேக்கில் பழமைக்கு இடமே இல்லை என்பது என் முடிவு. அதே விரிப்பில் இருந்த பழைய பிரேக் ஷூக்களையும் தொடவில்லை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அதன் தூசு நுரையீரலுக்கு எமன். பிரிட்டன் 1999 இல் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸையும் தடை செய்துவிட்டது. அசல் என்பதற்காக யாரும் அதை வாங்கித் தேய்க்க வேண்டாம்.

போல்ட், நட்டு விற்பவர்களின் பகுதியில் நெடுநேரம் செலவிட்டேன். மைனரில் பெரும்பாலும் யூ.என்.எஃப். (யூனிஃபைடு ஃபைன்) என்ற அங்குல மரை, லூகாஸ் நிறுவனத்தின் மின்சாதனங்களுக்குள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் தரத்தின் மிகச்சிறிய திருகுகள். 5/16 அங்குல போல்ட்டின் தடிமன் 7.94 மில்லிமீட்டர் என்பதால், எட்டு மில்லிமீட்டர் போல்ட்டை அதன் இடத்தில் வைத்தால் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் யூ.என்.எஃப். மரை அங்குலத்துக்கு 24, அதாவது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர்; வழக்கமான எட்டு மில்லிமீட்டர் போல்ட்டின் மரை 1.25. இரண்டு சுற்று இலகுவாக ஏறி, பிறகு இறுகி, ஸ்பேனரின் பலத்தில் நட்டின் மரையை மழித்துவிடும். பழைய பிரிட்டிஷ் யூனிஃபைடு போல்ட்டின் தலையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் சிறு வட்டங்கள் பொறித்திருப்பார்கள். அந்த வட்டங்களைப் பார்த்துப் பொறுக்கிய நாற்பது போல்ட்டுகள் இப்போது என் பையில் கனக்கின்றன.

குரோமிய முலாம் பூசிய பொருட்களில் காந்தம் பேசியது. பித்தளையில் ஒட்டவில்லை, நல்லது, தேய்த்து மீண்டும் முலாம் பூசலாம். எஃகில் ஒட்டியது, துரு ஆழமில்லை என்றால் அதுவும் சரியே. காந்தம் ஒட்டாமல், பித்தளையின் மஞ்சளும் கீறலில் தெரியாமல், சாம்பல் நிறத்தில் சிறு கொப்புளங்கள் எழும்பியிருந்தால் அது துத்தநாக வார்ப்பு. கொப்புளம் முலாமில் இல்லை, அடியில் உள்ள உலோகமே அரித்துப் பொங்கியிருக்கிறது. செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று அடுக்கும் முறையாகப் பூசத் தெரிந்த பட்டறைகூட அந்தக் குழிகளை நிரப்பப் பெரும்பாடு படும். இரண்டு கதவுக் கைப்பிடிகளை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

முன் சஸ்பென்ஷனின் ட்ரனியன்தான் இந்தப் பயணத்தின் முதன்மைத் தேவை. மைனரின் முன்சக்கரம் திரும்புவது மரை கொண்ட ட்ரனியனில். அந்த மரைக்கு அடிக்கடி கிரீஸ் வேண்டும். கிரீஸ் காணாத ட்ரனியனின் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சக்கரம் உள்மடிந்து கார் சாலையில் அமர்ந்துவிடும்; மைனர் வைத்திருப்போர் எல்லோரும் அஞ்சும் பழுது இது. வலப்பக்கத்துக்கும் இடப்பக்கத்துக்கும் தனித்தனி. நான்கு இடங்களில் கிடைத்தது. ட்ரனியனுக்குள் திருகும் பழைய பின்னைக் கையோடு கொண்டு வந்திருந்ததால் ஒவ்வொன்றையும் திருகிப் பார்க்க முடிந்தது. ஒன்று பாதியில் இறுகியது, ஒன்று பக்கவாட்டில் ஆடியது. மூன்றாவது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் கடைசி மரைவரை ஒரே இழுவையில் சென்றது. ஆட்டம் சிறிதும் இல்லை. பார்வைக்கு மற்றவற்றைவிட மங்கலாக இருந்த அந்தத் தயாரிப்பிலேயே இரு பக்கத்துக்கும் உரிய சோடியை எடுத்தேன்.

மாலையில் களைப்போடு ஒரு பிழை செய்தேன். லூகாஸ் பெட்டியில், மின்சாரத்தைப் பிளக்குகளுக்குச் சுழன்று பகிரும் ரோட்டார் ஆர்ம், கூடவே ஒரு கண்டென்சர் (மின்தேக்கி). பெட்டியின் பச்சையும் எழுத்தும் காலத்தோடு மங்கி, அசலாகவே இருந்தன. கூட்டம் நெருக்க, திறந்து ஒரு பார்வை பார்த்து வாங்கிவிட்டேன். இரவு அறையில் விளக்கின் கீழ் பார்க்கும்போது பெட்டி மட்டுமே பழையது. உள்ளே இருப்பது அண்மையில் செய்த நகல். பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட், அடியில் உள்ள தண்டுத் துளையை நெருங்கிவிட்டது. இடையே இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உயர் மின்னழுத்தத்தைத் தாங்காமல் துளைபட்டால், தீப்பொறி பிளக்கிற்குப் போகாமல் தண்டில் இறங்கிக் கார் நின்றுவிடும். பல மணி நேரம் விழிப்போடு இருந்தவன் கடைசிப் பத்து நிமிடத்தில் வார்த்தையை நம்பினேன்.

ஐந்தாம் நாள்: மீண்டும் பியூலி

காலையில் அந்தக் கூடாரத்துக்குச் சென்று, ரோட்டார் ஆர்மைத் திருப்பி ரிவெட்டைக் காட்டினேன். "பெட்டியோடு மொத்தமாக வாங்கியது ஐயா, நான் திறந்து பார்க்கவில்லை" என்றார் விற்பவர். பணத்தை உடனே திருப்பிக் கொடுத்தார். அவர் சொன்னதை நம்புகிறேன். மின்சாதனங்களுக்கே என்று தனியாக இருந்த வேறொரு கடையில், ரிவெட் இல்லாமல் வார்த்த சிவப்பு நிற ரோட்டார் ஆர்மும் புதிய கண்டென்சரும் வாங்கினேன். அசலின் கறுப்பு நிறத்தை இங்கே விட்டுக்கொடுப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மூடிக்குள் இருக்கும் பொருள் அது.

விட்டுக்கொடுக்க முடியாதது டிராஃபிகேட்டர். 1961 வரை பிரிட்டனில் விற்ற மைனரில் திரும்பும் திசையைக் காட்டும் மின்னும் விளக்குகள் இல்லை. கதவுக்கும் பின்னிருக்கைச் சன்னலுக்கும் இடையே உள்ள தூணிலிருந்து, திரும்பும் பக்கம் ஒரு சிறிய மஞ்சள் கை வெளியே எழும். என் காரில் யாரோ அவற்றைக் கழற்றிவிட்டுத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே பார்த்தால் தூணில் இடம் அப்படியே இருக்கிறது.

பகல் வரை பன்னிரண்டுக்கு மேல் பார்த்தேன். மற்ற கார்களுக்குரியவை நீளத்திலும் மேல்மூடியிலும் மாறுபட்டன. மாதிரிப் படத்தோடு பொருந்திய ஒரு சோடி, ஓர் அம்மையார் வைத்திருந்த தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. லூகாஸ் தன் கருவிகளில் மாதத்தையும் ஆண்டையும் முத்திரையிடும் வழக்கம் உடையது. துணியால் துடைத்ததும் இரண்டிலும் 58 தெரிந்தது. மின்கலத்தை இணைத்தேன். ஒன்று உடனே 'டக்' என்று எழுந்து நின்றது. மற்றது முனகியது, எழவில்லை. கையால் தூக்கிவிட்டுப் பார்த்ததில் கீலில் கெட்டிப்பட்ட பழைய எண்ணெய்தான் தடை. சுருளில் மின்சாரம் ஓடுகிறது. இரண்டிலும் சிறு விளக்கு எரியவில்லை. அதற்கும் காரணம் தெரிந்ததே: கை எழுந்து இறங்க, கீல் வழியாக விளக்குக்குப் போகும் மெல்லிய கம்பி வளைந்து வளைந்து அறுந்துபோகும். அதை மாற்றலாம். மஞ்சள் மூடி இரண்டிலும் விரிசல் இல்லை, அது உடைந்திருந்தால்தான் சிரமம். சோடிக்கு நாற்பது பவுண்டு கேட்டார். விளக்கு எரியாததைச் சொன்னேன். முப்பத்தைந்துக்குக் கொடுத்தார்.

கதவைச் சுற்றி வரும் ரப்பர்ப் பட்டையும் முன்கண்ணாடி ரப்பரும் புதிதாகச் செய்பவர்களிடம் வாங்கினேன். பட்டையின் துண்டை மடக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து விட்டதும், தழும்பு இல்லாமல் பழைய வடிவுக்குத் திரும்பியதையே தேர்ந்தெடுத்தேன். மூன்று கடைகளில் இரண்டின் துண்டு மடிந்தபடியே கிடந்தது.

சக்கர ஆயில் சீல்களைத் தேடி அலைந்த என்னிடம் ஒரு பேரிங் வியாபாரி, இதற்கு ஏன் பழைய கார்க் கடைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார். சீலுக்குத் தண்டின் விட்டம், துளையின் விட்டம், அகலம் ஆகிய மூன்று அளவுகளே பெயர். பேரிங்குக்கு அதன் வளையத்தில் பொறித்த எண்ணே பெயர். அளவுகளைச் சொன்னேன், எடுத்துக் கொடுத்தார். மோட்டாருக்கும் தண்ணீர்ப் பம்ப்புக்கும் போடும் அதே தரமான சீல், காரின் பெயர் ஒட்டாத உறையில், விலையும் குறைவு.

ஆறாம் நாள்: மூட்டை கட்டும் நாள்

இருபத்தாறில் பத்தொன்பது கிடைத்தன. கிடைக்காதவற்றில் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் சக்கர சிலிண்டர்களும் வேண்டுமென்றே விட்டவை. புதியவையாகவே, எட்டு அங்குல டிரம்முக்குரியவை என்று குறிப்பிட்டு அஞ்சலில் வரவழைப்பேன். மற்றவை கதவுக் கைப்பிடி போன்றவை, காத்திருக்கலாம்.

வீட்டிலிருக்கும் மெக்கானிக் தம்பிக்குத் தொலைபேசியில் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "ஷெல் கிடைச்சது பெரிய விஷயம் அண்ணே, ஆனா பூட்டுறதுக்கு முன்னாடி ஜர்னலை இன்னொரு தடவை மைக்ரோமீட்டர்ல பாத்துடுவோம்" என்றார். சரியான பேச்சு. ட்ரனியன் மரை எப்படி இறங்கியது என்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் மகிழ்ச்சியோடு சொன்னேன்.

பெட்ரோல் பட்ட பாகங்களை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பதால், பழைய கார்புரேட்டரோ பம்ப்போ வாங்கியவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். துடைத்தாலும் வாடை காட்டிக்கொடுத்துவிடும். என் கார்புரேட்டர் பெட்ரோலையே காணாத புதியது என்பதால், ரசீதோடு பெட்டியின் மேலேயே வைத்தேன். ஷெல்கள் எண்ணெய்த் தாளோடு சட்டைகளுக்கு நடுவில். நாற்பது போல்ட்டுகளும் ட்ரனியன்களும் பெட்டியின் அடியில், சக்கரங்கள் இருக்கும் பக்கம். டிராஃபிகேட்டர்களை மட்டும் பெட்டியில் போட மனம் வரவில்லை. கீலில் ஊறவைத்த எண்ணெய் இரவில் வேலை செய்திருக்கிறது; காலையில் மின்கலத்தை இணைத்தபோது இரண்டாவது கையும் எழுந்தது, முதலாவதைவிடச் சற்றுத் தயங்கி. இரண்டையும் ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.